புதுச்சேரிப் பூங்காவில் அம்மா பறித்த காப்பிப் பழம்

செம்மநத்தம்
8 மார்ச் 2026, ஞாயிறு, காலை 6.40. இது மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

அன்புள்ள மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா வெங்கடேஷ் எழுதுவது. இங்கே நான், அம்மா, ஆடு, அது புதிதாகப் போட்ட இரண்டு குட்டி எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், துபாய் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் சேர்வராயன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்கிறாள். போனில் கேட்காமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்றால், போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் அம்மா போனைப் பிடுங்கிச் சாப்பிட்டியா சாமி என்று ஆரம்பித்துவிடுவாள். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது. போட்டோ பிடித்து அனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டுப் பதில் போடு.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ பதிவு செய்து அனுப்பிய சுற்றுலா முடிந்து வந்துவிட்டோம். கோழிக்கோடு, சென்னை, புதுச்சேரி, மூன்றும் கடலோர ஊர், ஊருக்கு ஒரு பூங்கா, பூங்காவுக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி. ஏற்காட்டுக்காரனைப் போய்ப் பூங்கா பார்க்க அனுப்புகிறாளே என்று எனக்கு ஆரம்பத்திலேயே புரியவில்லை, கடலில் குளிக்க அனுப்பியிருந்தாலாவது அர்த்தம் உண்டு. ஆனால் காரணம் இல்லாமல் நீ எதையும் செய்கிற ஆள் இல்லை, அதனால் காரணத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். செடிப் படிப்புப் படித்தவள், வெளிநாட்டிலும் செடி வேலைதான் பார்க்கிறாள், திரும்பி வந்து நம் நாலு ஏக்கரில் டிக்கெட் போட்டுப் பூங்கா வைக்கப் போகிறாள், அதற்கு முன்னோட்டமாக டிப்ளமோ படித்த அப்பனை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அதனால் கோழிக்கோட்டில் வழிகாட்டி அம்மாள் ஆம்பல் பூவைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டேன். சென்னையில் தேவகுமாரி என்று ஒருவர் சுற்றிக் காட்டினார், நான் சொட்டுநீர்க் குழாயைக் கையால் தூக்கிப் பார்த்ததும், சார் நீங்க செடி பாக்க வந்தீங்களா மோட்டார் பாக்க வந்தீங்களா என்று கேட்டேவிட்டார். உன் அம்மா தலை குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை, குழாயில் கசிவு இருந்தது, சொன்னேன்.

புதுச்சேரியில் வந்தவன் எல்வின். உன் வயது இருக்கும், ஒல்லியான பையன், கழுத்தில் சின்னச் சிலுவை, காரைக்காலில் படித்தேன் என்றான். நீயும் அங்கேதான் படித்தாய், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வாசலிலேயே அம்மாவின் முட்டி வலிக்காக பேட்டரி வண்டி நிறுத்தி வைத்திருந்தான், அது டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்தேன். எனக்குச் சர்க்கரை போடாத டீ வந்தது, சுற்றுலாக் கம்பெனி விசாரித்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு மரத்தைக் காட்டி, இது நொம்ப வயசானதுங்க என்றான். கடற்கரைப் பையன் வாயில் நம் பக்கத்து நொம்ப எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் நின்றேன், வருகிறவர்கள் ஊர்ப்பேச்சைப் பேசிப் பிழைக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது, ஒன்றுகூடச் சரியில்லை.

அங்கே ஒரு நிழல் மூலையில் கயிறு கட்டி, பெயர்ப்பலகை வைத்து ஒரே ஒரு காப்பிச் செடி நிற்கிறது, ரொபஸ்டா. பாதிப் பழம் சிவப்பு, பாதி காய்ந்து கறுப்பு. பறிப்பு முடிந்தபின் செடியில் ஒரு பழம் விட்டாலும் துளைப்பான் பூச்சி அதில் குடியிருந்து அடுத்த வருஷ வெள்ளாமையைத் தின்னும் என்பது உனக்குத் தெரியும், இங்கே பறித்து முடித்த கையோடு விட்டுப்போனதைப் பொறுக்கித்தான் நாங்களே வண்டி ஏறினோம். உன் அம்மாவின் கைக்கு அது நம் காடா பூங்காவா என்று எப்படித் தெரியும். நான் எல்வினிடம் மணலின் ஆழம் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கயிற்றைத் தாண்டிப் போய்ச் செடியை மொட்டையடித்துவிட்டாள், மடி நிறையப் பழம், கீழே உதிர்ந்ததையும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவரிடம் அம்மா, ஏனுங்க, பழத்த இப்பிடிச் செடீலயே உட்டு வெச்சிருக்கறீங்களே, பூச்சி வராதுங்களா என்று அவர் தப்புச் செய்ததுபோலக் கேட்டாள். மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்கென்றே விட்டு வைத்த பழமாம். எல்வின் குறுக்கே வந்து, நான்தாண்ணே பறிக்கச் சொன்னேன், இவங்க எங்க வீட்டு ஆளுங்க என்றான். வீட்டு ஆளுங்கன்னா வீட்ல போய்ப் பறிக்கச் சொல்லு என்று சொல்லி, காவலாளி அவன் கழுத்தில் இருந்த வழிகாட்டி அட்டையைக் கழற்றிக்கொண்டார், விசாரித்துவிட்டுத்தான் தருவார்களாம். அதுவரை அவனுக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகும் மிச்சத் தோட்டம் முழுவதையும் சுற்றிக் காட்டி, எங்களைச் சேலம் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான். பொய் சொன்னான், எங்களுக்காகத்தான் சொன்னான், இதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வந்த பிறகு நடந்தது இன்னும் குழப்பம். வியாழக்கிழமை அம்மாவின் அண்ணன் ஐயாக்கண்ணு வந்தார். உன்னைத் தன் மகன் விஜயகுமாருக்குக் கேட்பது அவருக்குப் புதிது இல்லை, இந்த முறை நாளோடு வந்தார். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவில வெத்தலை மாத்திக்கலாங்க மாப்ள, பையன் ஜீப்பு வாங்கிப்போட்டான், இனிப் பொண்ணுதான் பாக்கி என்றார். நான் தட்டிக்கழிப்பதாக நினைத்துக்கொண்டு, கவி இங்கே பூங்கா வைக்கப் போகிறாள், இப்போது கல்யாணத்துக்கு அவசரம் இல்லை என்றேன். அவர் முகம் பூத்துவிட்டது. பூங்கா வெச்சா நல்லதுதானுங்களே, ஏற்காட்டுல இருந்து ஆள ஏத்திட்டு வர நம்ம ஜீப்பே ஆச்சு என்று சொல்லி இரண்டாவது டீயும் குடித்துவிட்டுப் போனார். இப்போது செம்மநத்தம் முழுக்க நான் சம்மதம் சொன்னதாகப் பேச்சு. வாயைத் திறந்து நானே வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

நேற்று நம் நாலு ஏக்கர் காட்டில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தேன், எங்கே நடைபாதை எங்கே தொட்டி என்று. மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கீழே போட்டுவிட்டு, ஏனுங்க, அளந்தது போதுமுங்க, அவ உங்களப் பூங்காப் பாக்கவா அனுப்பிச்சா, பையனப் பாக்கல்ல அனுப்பிச்சா என்றாள். எந்தப் பையன் என்று கேட்டேன். இத்தன படிச்சு என்ன பண்றது என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பிடிக்கப் போய்விட்டாள். அவளுக்குப் புதுச்சேரியில் பேட்டரி வண்டியைப் பார்த்ததுமே தெரியுமாம், எனக்கு அந்த நாடாவின் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. மூன்று ஊர் மோட்டாரின் குதிரைத்திறனும் என்னிடம் இருக்கிறது, அந்தப் பையன் உயரம் என்ன, அவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் தெரியாது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, மாமனார் ஆவேன் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் சர்ச்சுக்குப் போகிறவன், நாம் கோயிலுக்குப் போகிறவர்கள். எஸ்டேட்டில் கூட வேலை பார்க்கிற ஜேசுதாசோடு பல வருஷமாக ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறேன், எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன், தன் பெண் என்று வரும்போது ஒன்றும் இல்லையா என்று கேட்டால் சட்டென்று பதில் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அம்மா ஊகித்தது தப்பாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷின் நின்றுபோனால் எங்கே கோளாறு என்று கழற்றிப் பார்த்துவிடுவேன். இதை எங்கிருந்து கழற்றுவது என்று தெரியவில்லை. நீயே நேராகச் சொல், ஆமாம் அல்லது இல்லை.

எதைச் சொன்னாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், சேர்வராயன் உன்கூட நிற்கட்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே. திருவிழாவுக்கு லீவு இப்போதே எழுதிக்கொடு. நான் செய்யப் போவதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. இன்று சாயங்காலம் மச்சான் ஊட்டுக்குப் போய், பூங்கா என்பது என் கற்பனை, சம்மதம் நான் சொல்லவே இல்லை, கவி பதில் சொல்லும்வரை வெற்றிலைப் பேச்சு வேண்டாம் என்று சொல்வேன். அம்மாவை அனுப்ப மாட்டேன்.

2. எல்வினுக்குப் போன் செய்து அட்டை திரும்பக் கிடைத்ததா என்று கேட்பேன். கிடைக்காவிட்டால் மறுபடி புதுச்சேரி போய், பறித்தது நாங்கள், அவன் சொல்லிப் பறிக்கவில்லை என்று அலுவலகத்தில் சொல்வேன். உன்னைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது.

3. நீ ஆமாம் என்றால் அவனையும் அவன் அப்பா அம்மாவையும் இங்கே கூப்பிடுவேன்.

4. நீ இல்லை என்றால், அதற்கு விஜயகுமாருக்கு ஆமாம் என்று அர்த்தம் இல்லை. அதையும் மச்சானிடம் நானே சொல்வேன்.

உன் அப்பா,
வெங்கடேஷ்