நான்காவது சக்கரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பள்ளி விடுமுறையில் மாமாவின் பட்டறையில் கார் சக்கரங்களைக் கழுவுகிறேன். பெயின்ட் அடிக்குமுன் பிரேக் தூசி, தார் எல்லாம் போகவேண்டும். மூன்றைத் தேய்த்து முடித்தபோது கார்க்காரர் வந்துவிட்டார்.

"என் சக்கரம் கறுப்புய்யா! யாருக்கு வித்தீங்க? போலீசுக்குப் போறேன்!"

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. கழுவாத நான்காவதை உருட்டிவந்து அவர் முன்னாலேயே தேய்த்தேன். வெள்ளி நிறம் தெரிந்தது.

"அஞ்சு வருசமா ஓட்டுறேனே..." என்றவர், "கறுப்பே அடிச்சிடும்மா. இது யாரோ மாதிரி இருக்கு" என்றார்.

என் விரல்களில் தோல் சற்று உரிந்திருக்கிறது, பயம் வேண்டாம். சிறிய கையுறை ஒன்று அனுப்புங்கள். உங்கள் போட்டோவும் அனுப்புங்கள். என்னிடம் இருப்பது பழையது.

அத்தை விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

உங்கள் மகள்