மண்வெட்டியோடு வேட்டைக்கு வந்தவன்

அன்பு மகள் கலேங்காவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், உன் அம்மா சுகம், ஆடுகள் சுகம், நம் லைசன் சோக்கோ மட்டும் சுகமில்லை. கடைசியில் சொன்னதை இன்னொரு முறை படித்துக்கொள், ஏனென்றால் இது கேலி இல்லை. தொடையில் கொம்பு பாய்ந்து மிஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், கால் தங்கிவிடும் என்கிறார் டாக்டர், காய்ச்சல் இறங்கினால்தான் ஆள் தங்குவான் என்றும் அவரே சொல்கிறார். போனிலேயே சொல்லியிருப்பேன், சொன்னால் நீ சிரிப்பாய், ஊரே சிரித்தது. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன், இத்தனை பக்கத்துக்கு மெனக்கெட்டு யாரும் கேலி எழுத மாட்டார்கள் அல்லவா. கடைக்காரர் காங்வாவின் மருமகள் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், அனுப்பும் சாக்கில் படிக்கவும் படிப்பாள், படித்துவிட்டுப் போகட்டும்.

நம் கேலிமுறையை டப்ளினில் உன் சிநேகிதிகளுக்கு விளக்கிச் சொன்னபோது அவர்கள் நம்பவே இல்லை என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். அவன் ங்கோனி இனம், நாம் பீசா இனம், பாட்டன்மார் ஒருவரை ஒருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள், நாங்கள் வாயால் குத்திக்கொள்கிறோம், அவன் கூட்டம் எலிதின்னி, நம் கூட்டம் குரங்குதின்னி, அவன் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வரக்கூடாது, நான் என்ன சொன்னாலும் அவனுக்கு வரக்கூடாது, எங்களில் எவன் முதலில் செத்தாலும் மற்றவன்தான் குழி வெட்ட வேண்டும், அவ்வளவுதானே விஷயம், இதில் நம்ப என்ன கஷ்டமோ தெரியவில்லை. உன் பெரியப்பா அடக்கத்தன்று சோக்கோ குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு சேவல் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன், இல்லையென்றால் என் மேலேயே பெட்டியை இறக்குங்கள் என்று அடம் பிடித்தானே, போதகர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சேவல் தேடி ஓடினாரே, அந்த மாதிரி ஆள். நாற்பது வருஷமாக அவன் வாயிலிருந்து எனக்கு ஒரு உண்மை வந்ததில்லை, என் வாயிலிருந்து அவனுக்கு ஒரு மரியாதை போனதில்லை.

இனி எருமை விஷயத்துக்கு வருகிறேன். மழை நின்றதிலிருந்து ஆற்றங்கரையில் ஒரு கிழட்டுக் காட்டெருமை தனியாக வந்து தங்கிவிட்டது. மந்தை துரத்திவிட்ட கிழம், உடம்பு முழுக்கக் காய்ந்த சேறு, ஒரு காது பாதிதான், நடு மண்டையில் கொம்பு தேய்ந்து வழுக்கை. தண்ணீருக்குப் போகிற பாதையில் நின்று ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்துத் திருப்பி அனுப்புவதால் தலைமையாசிரியர் என்று பேர் வைத்தார்கள். சபை மூத்த அம்மாள் ஒரு நாள் முற்பகல் முழுவதும் மாமரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடி உயிர் பிழைத்தார், இறங்கிய பிறகு மரத்தில் ஏறியதையே ஒத்துக்கொள்ளவில்லை. அது போகட்டும், உன் அம்மாவின் பூசணித் தோட்டத்துக்குள் அது போய்ப் படுத்துக்கொண்டதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் அதைச் சுடவில்லையென்றால் திங்கட்கிழமை நானே உலக்கையோடு போகிறேன் என்றாள். அவள் போகக்கூடியவள்தான், உனக்குத் தெரியும்.

வனவிலங்கு அலுவலகத்தில் இப்போதிருக்கிற காவலருக்கு மலேரியா, எழுந்து நிற்க முடியவில்லை. அதனால் முப்பது வருஷம் அதே வேலை பார்த்த என்னைக் கூப்பிட்டு, ஒரு துப்பாக்கியும் மூன்று தோட்டாவும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து காலடிக்கு மேல் தள்ளி நின்று சுட மாட்டேன், அது ஆண்பிள்ளை வேலை இல்லை என்று நான் சொல்வதை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். முன்னே அது வீம்பு, இப்போது கட்டாயம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாகப் பதினைந்து காலடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் புகைதான். மாடா மரமா என்று தெரியாது. உன் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது சோக்கோ தோளில் மண்வெட்டியோடு வாசலில் நிற்கிறான். "என்னடா எலிதின்னி, வேட்டைக்கு மண்வெட்டி எதுக்கு" என்றேன். "குரங்குதின்னி, ஒன்னப் பொதைக்கிறது எங்க தலையெழுத்துதானே, அதுக்குன்னு ரெண்டு நடை எவன் நடப்பான், கையோட கொண்டாந்துட்டேன்" என்றான். அதோடு விட்டானா, நாணல் குச்சி ஒன்றை எடுத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை என்னை அளந்து, "காலை மடக்கி வச்சா சின்னக் குழியே போதும், மிச்ச நேரத்துல நான் ரெண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிருவேன்" என்றான். உன் அம்மா விறகுக் கட்டையை எடுத்து எறிந்தாள், அதையும் பிடித்து என் சவப்பெட்டிக்கு ஆகும் என்று கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வழியெல்லாம் இதே கூத்துதான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க நான் சாம்பல் பையைத் தட்டினால் இவன் தும்முவான். "அதோ நிக்கிது மச்சான்" என்பான், நான் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்ப்பேன், கிட்டப் போனால் பட்டுப்போன மொப்பானி மரத்தின் அடிக்கட்டை. இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை கட்டைக்குக் கிட்டப் போய் அதற்குக் கைகொடுத்து, "தலைமையாசிரியர் ஐயா, இவனுக்குக் கணக்கு வராது, மன்னிச்சிருங்க" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேட்டையில் சிரிக்கிறவன் சீக்கிரம் சாவான் என்று புதிய காவலர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான், அந்தக் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

பூசணிக் கொடி ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு கறையான் புற்று இருக்கிறதே, அங்கே சோக்கோ சட்டென்று நின்றான். குரலைத் தாழ்த்தி, "இடது பக்கம், புத்துக்குப் பின்னால, பத்து காலடி, ஒன்னத்தான் பாக்குது" என்றான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் வலது பக்கம் திரும்பினேன், கலேங்கா. இவன் இடது என்றால் அது எங்கே இருந்தாலும் இடதில் இருக்காது என்பது என் நாற்பது வருஷ அனுபவம். திரும்பினதோடு நிற்காமல், "ஒங்க ஆத்தாளா பாக்குறா" என்று ஒரு பதிலும் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, தரை அதிர்ந்தது. நான் திரும்புவதற்குள் கால் கொடியில் சிக்கி உட்கார்ந்துவிட்டேன், முதல் தோட்டா வானத்துக்குப் போயிற்று.

அவன் ஓடியிருக்கலாம், பக்கத்திலேயே ஏறத் தோதான மரம் இருந்தது. ஓடவில்லை. என்னைத் தாண்டி முன்னால் போய் மண்வெட்டியால் அதன் மூக்கில் ஓங்கி ஒரு போடு போட்டான். என் மேல் வந்துகொண்டிருந்தது அவன் மேல் திரும்பிற்று. கொம்பில் தூக்கி ஒரு வீசு வீசியது, பூசணிக்காய்களுக்கு நடுவில் போய் விழுந்தான். மறுபடியும் அவனைக் குத்தத் தலையைத் தாழ்த்தும்போது, உட்கார்ந்தபடியே, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், காதுக்குப் பின்னால் இரண்டாவதை வைத்தேன். முட்டி மடங்கிச் சாய்ந்தது. மூன்றாவதையும் போட்டேன்.

இப்போது எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. சோக்கோ அங்கிருந்து, "மச்சான், நான் போறேன்டா" என்றான். நான் சிரித்தேன். "போ போ, மண்வெட்டி ரெடியா இருக்கு, குழியை நீயே வெட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து நிதானமாக ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கால்சட்டை முழுக்க ரத்தம். சட்டையைக் கழற்றித் தொடையை இறுக்கிக் கட்டிவிட்டு ஊருக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு.

ஊரில் வண்டி வைத்திருப்பவர் காங்வா ஒருவர்தான். கடை வாசலில் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "எலிதின்னி சாகக் கிடக்கான், வண்டிய எடுங்க" என்று கத்தினேன். ஒரே சிரிப்பு. "போன ஈஸ்டருக்கும்தான் செத்தான்" என்றார் ஒருவர். காங்வா காயை நகர்த்திக்கொண்டே, "சேவல் இல்லன்னு சொல்லிருங்க, எந்திரிச்சு வந்துருவான்" என்றார். என் கையிலிருந்த ரத்தத்தைக் காட்டினேன், எருமை ரத்தத்தைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார் பார், கிழவருக்கு நடிப்பு கூடிவிட்டது என்றார்கள். அழுதேன். கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, அந்தப் போன ஈஸ்டரன்று இதே கடை வாசலில் இதே மாதிரி அழுது, சோக்கோ செத்துவிட்டான் என்று சொல்லி ஊர் முழுக்கத் துக்க வீட்டுக்குக் களி கிண்ட வைத்தவன் நான்தானே. அங்கே அவன் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இங்கே இவர்கள் காய் நகர்த்துகிறார்கள். என்ன சொல்வேன், எதைச் சொன்னாலும் சிரிப்பார்களே. கடைசியில் தரையில் மண்டியிட்டு, தலைவருக்கு முன்னால் செய்கிற மாதிரி மூன்று தடவை மெதுவாகக் கைதட்டிவிட்டு, "லைசன் சோக்கோ ஐயா அவர்களுக்கு அடிபட்டிருக்கிறது. தயவுசெய்து அவருக்கு உதவி செய்யுங்கள்" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தாயக்கட்டை ஒருவர் கையிலிருந்து கீழே விழுந்தது. காங்வா துள்ளி எழுந்து, "ஐயான்னா சொன்னீங்க" என்று கேட்டுக்கொண்டே சாவியைத் தேடினார், சாவி அவர் பல்லிடுக்கில்தான் இருந்தது. பதினோரு பேர் வண்டியில் ஏறினார்கள், தோட்டத்திலிருந்து அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். வயதாகிவிட்டது என்று என்னுடையதை மட்டும் வேண்டாம் என்றார்கள், அந்த நர்ஸோடு நான் இன்னும் பேசுவதில்லை. எருமைக் கறியை ஊரே பங்கு போட்டது, நெஞ்சுக்கறி தலைவர் வீட்டுக்குப் போயிற்று. உன் அம்மா ஒன்றரை நாள் வேகவைத்தாள், டயர்தான் தேவலை. மூத்த அம்மாள் அதில் ஒரு பல்லை இழந்தார், மரத்தில் ஏறியதைப் போல அதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள், இதற்காகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் நாள் சோக்கோவுக்கு நினைவு வந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நடந்த பிறகு எந்த வாயால் திட்டுவது? கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு" என்றேன். அவன் முகம் விழுந்துபோயிற்று. "உங்களுக்கா? என்ன மச்சான், டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லு" என்றான். ஒன்றும் சொல்லவில்லை ஐயா என்றேன். ஐயா என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "சைக்கிள் பம்பு ஒனக்கு, கத்தரிக்கோல் காங்வாவுக்கு" என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். அன்று மாலை காய்ச்சல் ஏறிற்று. எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காங்வா போய்க் கும்பிட்டார், காய்ச்சல் ஏறிற்று. போதகர் போய் நல்ல மனிதர், உத்தமர் என்று உருக்கமாக ஜெபித்தார், இன்னும் ஏறிற்று. ஊர் முழுக்க மரியாதை கொடுத்தே அவனைக் கொன்றுகொண்டிருந்தோம்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. உள்ளே போய்க் கட்டிலை ஒரு உதை உதைத்து, "எந்திரிடா எலிதின்னி, பதினோரு பீசாக்காரன் ரத்தத்தை உறிஞ்சிட்டு ஓசியில மெத்தையிலயா படுத்திருக்க, ஒனக்கு ஐயா ஒரு கேடா" என்று ஆரம்பித்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். "அந்த ரத்தம் ஏறினதுலேருந்து ஜன்னல்ல கொரங்கு தெரிஞ்சா எனக்கு நாக்கு ஊறுதுடா" என்றான். நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளினாள். அன்று ராத்திரி காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியிருந்ததாக அவளே அட்டையில் எழுதியிருக்கிறாள். இப்போது நான் வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களையெல்லாம் திட்டிவிட்டுப் போகச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் எல்லோருக்கும் வாய் வரவில்லை. உன் அம்மா சூப்போடு போனாள், "நீ ஒரு" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டாள், அவனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று விளங்கிற்று மகளே. என் கண் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மரக்கட்டையைக் காட்டிக் காட்டி எனக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்திருக்கிறான். எனக்கு வழி பார்க்கத்தான் வந்தான், அது என் மனசில் படக்கூடாது என்றுதான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் காய்ச்சல் நின்றதும் என் கண்ணை அதே டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன், உன் அம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே குளிர் எப்படி? காலுறை இரண்டு சோடி போட்டுக்கொள், வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. ஆண்டவர் உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். இதைப் படித்ததும் சோக்கோவுக்குப் போன் போடு, மாலை நாலு மணிக்கு மேல் வார்டில் பேச விடுவார்கள், போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உன் குரலுக்குத்தான் காத்திருக்கிறான். அழுகை வந்தால் முதலில் அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, அப்புறம் கூப்பிடு. எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. நம் வீட்டில் உன் நாக்குதான் கூர்மை, மூச்சு விடாமல் திட்டு. என் சார்பில் நன்றி சொல்லிவிடாதே, நான் நன்றி சொல்லி அனுப்பினேன் என்று தெரிந்தால் பிழைக்க மாட்டான். அதையும் சேர்த்துத் திட்டிவிடு, அவனுக்குப் புரியும்.

உன் அப்பா
யோராம் கபாசோ