காபி ஆச்சா, ருத்ரம்மா?

என் அன்புக்குரிய ருத்ரம்மாவுக்கு,

நீங்கள் போய் இது ஐந்தாவது சனிக்கிழமை. இன்று காலை ஏழு மணிக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கும் போன் செய்தேன். ஏழு பேருக்குக் காபி ஆச்சு. எட்டாவது ஏழுமலை அய்யா. அவர் எடுக்கவில்லை.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. உங்களிடம் தனியாகச் சொல்ல இனி வழியில்லை, அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாதே. கொஞ்சம் பொறுங்கள், உங்களைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் பெயர் ரூத். செங்கம் ரோட்டுக்குப் பின்தெருவில் உங்களை ரூத் அம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பூக்காரம்மா வாயில் அது ருத்ரம்மா ஆனது. கடைசியில் போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். "வெளிநாட்டுக்காரங்க எல்லாம் தியானத்துக்கு வராங்க, நீங்களும் அதுக்குத்தானா?" என்று ஹவுஸ் ஓனர் சாந்தி அக்கா கேட்டபோது, முழங்காலைத் தட்டிக் காட்டி, "இதுக்குக் குளிர் வேணாம். வெயில் வேணும்" என்றீர்கள். கடைக்காரர்கள் பெண்களை எல்லாம் அக்கா என்பதைக் கேட்டுக் கேட்டு, எழுபத்து நாலு வயதில், இருபத்திரண்டு வயதான என்னையும் அக்கா என்றீர்கள். முதலில் திருத்தக் கூச்சமாக இருந்தது. பிறகு திருத்த மனம் வரவில்லை.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள். பட்டம் வாங்கிவிட்டேன், ஆனால் முன்பின் தெரியாத குரல் போனில் ஹலோ என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்ததே அங்கே மிஷின் சத்தத்தில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள் என்பதால்தான். உங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. விசா காகிதங்களை நகல் எடுக்கக் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்கள் ஊர்க் கதையைப் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்வீர்கள்.

அப்படித்தான் நீங்கள் வேலை பார்த்த அமைப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். உங்கள் ஊரில் யூதக் குடும்பங்களுக்கென்று இருக்கும் சேவை அமைப்பு. போருக்குப் பிறகு உங்கள் அம்மா ஒரே ஒரு பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கியபோது, அவர் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவர் அங்கிருந்து வந்த ஒரு பெண். தங்க அறை, குளிருக்குக் கோட்டு, தையல் வேலை, எல்லாம் அவர்கள் ஏற்பாடு. நீங்கள் வளர்ந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தீர்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குச் சூடாகச் சாப்பாடு போகும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாராவது கார் எடுத்து வருவார்கள். மனசு சரியில்லாதவர்களுக்குப் பேச ஆள் உண்டு. புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவார்கள். யூதராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையாம், யார் கதவைத் தட்டினாலும் திறப்பார்களாம்.

உங்கள் வேலை காலைப் போன். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு நாள் தவறாமல் ஒரு போன். எடுத்தால் சரி. மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால் ஆள் நேரில் போகும்.

"இங்க அப்படி தனியா யாரும் இல்லையா, அக்கா?" என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை, எல்லோருக்கும் சொந்தபந்தம் உண்டு என்றேன். ஒரே மாதத்தில் எட்டுப் பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தீர்கள். பிள்ளைகள் சென்னையில், ஓசூரில், பெங்களூரில். நான் தினமும் அவர்களைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தேன்.

அமைப்பின் படிவத்தில் முதல் கேள்வி, பத்திரமாக இருக்கிறீர்களா என்பது. அதை உங்கள் போனில் தமிழாக்கி, முதல் நாள் எட்டுப் பேரிடமும் "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டீர்கள். அடி அண்ணாமலையிலிருந்து ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஏழுமலை அய்யா சைக்கிள் மிதித்துக் கடைக்கே வந்துவிட்டார்.

"காலங்காத்தால இன்னா கேள்வி கேக்குது இந்தம்மா! நான் உயிரோட இல்லனா போனை யாரு, எமனா எடுப்பான்?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. நான்தான், மிஷினைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னேன். "காபி ஆச்சானு கேளுங்கம்மா. எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் அதான்."

மறுநாளிலிருந்து அதுவே ஏற்பாடு. காபி ஆச்சு என்றால் நலம். காபி ஆவல என்றால் உடனே வா. ஏழுமலை அய்யா மட்டும் "ஆச்சு, ரைட்! போலாம்!" என்பார். நோட்டில் ஒரு டிக் விழும்.

சனிக்கிழமைதான் சிக்கல், யூதர்களுக்கு அது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். அப்போதிலிருந்து மறுநாள் மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை போனைத் தொட மாட்டீர்கள், சுவிட்சைத் தொட மாட்டீர்கள். "சனிக்கிழமை நீ, அக்கா" என்று நோட்டை என்னிடம் நீட்டினீர்கள். முதல் சனிக்கிழமை ஏழுமலை அய்யா என் ஹலோவைக் கேட்டுவிட்டு, "யாரும்மா, எலியா பேசுது?" என்றார்.

எட்டுப் போன் முடிந்ததும் ஒன்பதாவது ஆள் நீங்கள். உங்களுக்கு மட்டும் போன் இல்லை. நான் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, கதவில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளேயிருந்து நீங்கள் இரண்டு தட்டு தட்டுவீர்கள். அவ்வளவுதான். நான் பேசக்கூட வேண்டாம். எனக்காகவே செய்த ஏற்பாடு போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். ராத்திரி முழுக்கக் கிரிவலம் வந்தவர்கள் தெருவெங்கும் படுத்திருந்தார்கள். உங்கள் கேட்டை ஒட்டி ஒரு குடும்பமே தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்க வேண்டுமானால் அந்த அம்மாவை எழுப்பி, கொஞ்சம் தள்ளிப் படுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் நின்றேன். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

விளக்கு எரிகிறது, எழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன். கடைக்குப் போய் நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக டிக் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போட்ட விளக்கை நீங்கள் அணைக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமை பார்த்திருக்கிறேன். ஆனாலும் விளக்கு எரிகிற வீட்டில் ஆள் விழித்திருக்கும் என்று பிறந்ததிலிருந்து பழகிய கண் அது. அதை நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. இதுதான், ருத்ரம்மா. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை மூன்று நட்சத்திரமும் வந்துவிட்டது. நட்சத்திரம் வந்ததும் நீங்கள் வாரந்தோறும் எனக்கு அனுப்பும் மெசேஜ் வரவில்லை. சாந்தி அக்கா மாற்றுச் சாவியால் திறந்தபோது அடுப்பறைத் தரையில் இருந்தீர்கள். இதயம் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நான் கேட்டருகே நின்றபோது உங்களுக்கு மூச்சு இருந்ததா? இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தீர்களா?

அமைப்பிலிருந்து உங்கள் பழைய தோழி டெபரா போனில் பேசினார். வேறெதுவும் கேட்பதற்கு முன் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார்: "இப்போது அவளோடு யார் இருக்கிறார்கள்?" அடக்கம் முடியும்வரை இறந்தவரைத் தனியே விடக்கூடாதாம். உங்கள் அக்கா மகன் விமானம் ஏறி வரும்வரை, அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே பெஞ்சில் நானும் சாந்தி அக்காவும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு சென்னையில் யூதர்களுக்கென்று இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டத்துக்கு உங்களைக் கொண்டுபோனார்கள்.

வியாழக்கிழமைதோறும் உங்களுக்குப் போன் செய்வாரே, இப்போது டெபரா எனக்குச் செய்கிறார். நீங்கள் போனதிலிருந்து நான் தினமும் செய்துவரும் காலைப் போனைத் தொடர்ந்து நடத்துவேனா என்று கேட்கிறார். பயிற்சி தருவார்களாம். அடுத்த வாரம் சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். போன வியாழன் அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: ஓய்வுநாளில் போனை எடுக்காதவர்களின் வீட்டுக்கு அங்கே நடந்தே ஆள் போகும். முகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பவே கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம். நான் செய்தது தெரிந்துதான் சொன்னாரோ என்று நினைத்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதிலிருந்து பயம் இன்னும் ஜாஸ்தி. போனில் மணி அடிக்கிற ஒவ்வொரு முறையும், எதிர்முனையில் ஒரு தரை தெரிகிறது. எட்டும் முடிந்தால் கை வேர்த்து நோட்டுத் தாள் நனைந்திருக்கும். இதை என்னால் இனித் தினமும் செய்ய முடியாது என்று டெபராவுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஏழுமலை அய்யாவுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை போனேன். வழியெல்லாம் அவர் குளிக்கப் போயிருப்பார், போன் சைலண்டில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே டிவியில் பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

எதிரே இட்லிக் கடை போட்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். "டிவி ஓடுது பாரு. உள்ளதான் கீறாரு. வயசானவரு, நிம்மதியா இருக்கட்டும். இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ற?"

டிவி ஓடுகிறது. ஆள் இருக்கிறார். எவ்வளவு சுலபமாக நம்பலாம் பாருங்கள். திரும்பி நடக்க என் கால் தயாராகத்தான் இருந்தது, ருத்ரம்மா. பொய் சொல்ல மாட்டேன்.

கதவில் இரண்டு தட்டு தட்டினேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. உள்ளங்கையால் அடித்தேன். பிறகு இரண்டு கையாலும். பிறகு கத்தினேன். "அய்யா! காபி ஆச்சா? ஏழுமலை அய்யா, காபி ஆச்சா?"

இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "அட இன்னாடா இது, காபிக்கா இந்தப் பொண்ணு இந்தக் கத்து கத்துது?" என்று ஒருவர் சிரித்தார். அத்தனை பேர் என்னைப் பார்த்து நின்றும் நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி வந்தது. அதில் கேட்டது, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"ஆவலம்மா… காபி ஆவல."

சிரித்தவர்தான் முதலில் கதவில் தோளை வைத்தார். அய்யா பாத்ரூமில் விடிகாலையே வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பை அசைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "எலிக்கு இம்மாம் பெரிய தொண்டையா?" என்றார். பிறகு அழுதுவிட்டார். ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் நாளைக்குத்தான் சொல்வார். மகன் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். என்ன ஆகுமோ, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது உங்கள் கேட்டைத் திறந்தேன். ஐந்து வாரமாகத் தொடாத கேட். இன்று அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. ஜன்னலில் விளக்கும் இல்லை. கதவில் இரண்டு தட்டு தட்டினேன். பதிலுக்காக எவ்வளவு நேரம் நிற்பது என்று நீங்கள் சொன்னதே இல்லை. எப்போதும் உடனே தட்டிவிடுவீர்கள், இல்லையா?

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, நோட்டில் அந்தச் சனிக்கிழமை போட்ட டிக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை டெபராவுக்கு அனுப்பப் போவதில்லை. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பப் போகிறேன். இதைப் படித்த பிறகும் நான் வேண்டுமென்று அவர் சொன்னால் பயிற்சிக்குச் சேர்வேன். வேண்டாமென்று சொன்னாலும் நாளை காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கும்.

பயம் போகாது, ருத்ரம்மா. போக வேண்டும் என்றும் நான் இனிக் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். விளக்கு எரிந்தாலும் தட்டுவேன். டிவி அலறினாலும் தட்டுவேன். வாசலில் ஊரே படுத்திருந்தாலும் எழுப்பிவிட்டுத் தட்டுவேன். முகத்தைப் பார்க்காமல் டிக் போட மாட்டேன்.

உங்களைவிட ஐம்பத்திரண்டு வயது சின்னவளான
உங்கள் அக்கா,
பூங்கொடி