பின்பக்கமாக நடந்த பெண் சொன்னது

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு, சித்தப்பா டுவேன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் குறையில்லாமல் இருக்கிறோம், நீ எப்படி என்று கேட்க ஒன்பது தடவை போன் அடித்தும் எடுக்காததால் இந்தக் கடிதம். நீ வகுப்புக்கே போவதில்லை என்று உன் அறைத்தோழி சொன்னாள், அவளைத் திட்டாதே. உன் அப்பாவைப் புதைத்து ஏழு வாரம் ஆகிறது. சோளம் அறுத்து முடித்தாச்சு, மாவட்டத்திலேயே நம்முடையதுதான் உயரம், அண்ணன் இருந்தால் போடா புளுகா என்பான், சொல்ல ஆளில்லை, அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி உன் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன், கோபப்படாதே. உன் விடுதி வாசல்வரை வந்தும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, எனக்கே. அதனால் புதுசாகச் சேரப்போகிற பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுகிற கூட்டத்தில் போய் நின்றுகொண்டேன். யாருடைய பெற்றோர் என்று எழுதிச் சட்டையில் ஒட்ட ஒரு சீட்டு கொடுத்தார்கள், உன் பேரை எழுதினேன். சுற்றிக்காட்டிய பெண் எங்களைப் பார்த்தபடி ஒரு மைல் பின்பக்கமாகவே நடந்தாள், நானும் ஒரு டிராக்டரை மூன்று ஊர் தாண்டி இப்படித்தான் ஓட்டினேன் என்றேன், நம்பிவிட்டாள் பாவம். இருநூறு பாடப்பிரிவாம், நான் ஊரில் நானூறு என்று சொல்லியிருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லாதே. கணக்கு வராவிட்டால் இலவசமாகச் சொல்லித்தர ஆள், வேலைக்கு நேர்காணல் என்றால் இரவல் கோட், பசித்தால் ஓர் அறை நிறைய டப்பா சாப்பாடு, பரீட்சை வாரத்தில் தடவிக்கொடுக்க நாய்கள்கூட உண்டாம். பால்பண்ணை மாணவர்கள் செய்த ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், எல்லாரும் ஆஹா என்றார்கள், எனக்குக் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் இருக்கிறதோ என்னவோ.

கடைசியில் ஏதாவது கேள்வி இருக்கா என்றாள். மற்றவர்கள் கால்பந்து டிக்கெட்டைப் பற்றிக் கேட்டார்கள். நான் கையைத் தூக்கி, அப்பாவை இழந்த பிள்ளை ஒரு வருஷம் நின்றுவிட்டால் இடம் போய்விடுமாம்மா என்றேன். அவள் நடையை நிறுத்திவிட்டாள். போகாது சார், ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டா இடம் அப்படியே இருக்கும், சொல்லாம நின்னாத்தான் எல்லாப் பாடத்துலயும் பெயில் என்று சொல்லி, அச்சடித்தும் கொடுத்தாள். பல்கலைக்கழகத் தலைவரே எழுந்து வந்து கொடுத்தார் என்றுதான் ஊரில் சொல்லப்போகிறேன்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். நவம்பர் பதினாலு கடைசி நாள், மறக்காதே. பெற்றோர் கையெழுத்துக்கு இடம் தேடினேன், இல்லை, உன்னுடையது மட்டும்தான். படித்தாலும் சரி, வந்தாலும் சரி, உன் அறையில் கணப்பு போட்டுவைத்திருக்கிறேன். நல்லா இரு கண்ணு. அந்தச் சீட்டு இன்னும் என் சட்டையில்தான் ஒட்டியிருக்கிறது, பிய்க்கவில்லை.

உன் சித்தப்பா,
டுவேன் கோவாரிக்