எலும்பின் குறுக்கே ஒரு கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் பையும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்காதே. தபால்காரனே கடிதம் எழுதாவிட்டால் வேறு எவன் எழுதுவான்? தவிர, போனில் நீ கத்துவாய். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் என் காது பிழைக்கும்.

விஷயம் இதுதான். வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்க எலும்பில் ஒரு வலி. முதலில் நடக்கும்போது மட்டும் இருந்தது. போன வாரத்திலிருந்து சும்மா உட்கார்ந்தாலும் விடுவதில்லை. ஆபீசில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டதால் டிசம்பரிலிருந்து அவருடைய தெருக்களும் என் தலையில்தான். அதில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பதினோரு கட்டடம், ஒவ்வொன்றும் நாலு மாடி, லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே, சதைப் பிடிப்பா இருக்கும், தைலம் தேய்ங்க" என்றார். அந்த ஃபிலிமை இதோடு வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடிக்கிறாயே, தம்பி எலும்பையும் ஒரு தரம் பார். ஒன்பது வயதில் மதிலிலிருந்து வழுக்கி விழுந்து ஒடித்துக்கொண்டேனே, அதே கால்தான். பழைய முறிவு இப்போது வேலையைக் காட்டுகிறதோ?

மார்ச் கடைசியில் தெருக்களை நிரந்தரமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதுவரை லீவு போடாமல் நடப்பவனுக்குத்தான் தெரு. மற்றவர்களுக்குத் தபால் பிரிக்கும் அறை, நாற்காலி, மின்விசிறி. அந்த அறையில் என்னால் உட்கார முடியாது அக்கா. என் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷத்தையும் நான் நடந்துதான் கடந்தேன்.

ஒன்றும் இல்லை என்று நீயும் ஒரு வரி எழுதிப் போடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

ஒன்றும் இல்லை என்று எழுத மாட்டேன். கேட்டதும் எழுதிக் கொடுக்க நான் என்ன ஜோசியக்காரியா?

முதலில் ஒரு வேலை செய். உட்கார்ந்து, ஒரே ஒரு விரலால் அந்த எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வா. உள் விளிம்பு நெடுக, ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் பயமில்லை. எலும்போடு சதை ஒட்டுகிற இடம் புண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் தணிந்துவிடும். ஒரே ஒரு புள்ளியில் விரல் பட்டதும் உயிர் போனால் அது வேறு கதை.

படம் சுத்தமாக இருக்கிறது என்று துள்ளாதே. ஓயாத நடையால் எலும்பில் விழும் வெடிப்பு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். மூன்று வாரம் கழித்து இன்னொரு படம் எடு.

அந்த எலும்பின் நிலைமை உனக்குத் தெரியாது. கெண்டைச் சதையெல்லாம் பின்னால் சுகமாகப் படுத்துக்கொண்டது. முன்னால் தோல், அதற்கு அடுத்தது எலும்பு. அதனால்தான் கட்டில் கால் இடித்தால் அம்மாவைக் கூப்பிடுகிறோம். பக்கத்தில் ஒரு ஒல்லி எலும்பு இருக்கிறது, பேருக்குத் துணை. உடம்பின் பாரத்தையெல்லாம் இவன்தான் சுமக்கிறான். உன்னை மாதிரிதான், அடுத்தவன் தெருவையும் சேர்த்துச் சுமந்தால் ஒருநாள் விரிசல் விடும்.

சிகரெட்டை விட்டாயா? புகை எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். ஷூவின் அடியைத் திருப்பிப் பார். தேய்ந்து அப்பளமாகியிருக்கும்.

பழைய முறிவைப் பற்றிக் கேட்டாய். சின்னப் பிள்ளைகளின் எலும்பு கூடிவிட்டால் பெரும்பாலும் அடையாளமே மிஞ்சாது. விளக்கில் வைத்துத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு தடயமும் இல்லை. அதை விடு.

நடக்காதே. காலில் விழுந்து கேட்கிறேன், அதே காலில்.

உன் அக்கா

*

மார்ச் 1

அக்கா,

விரல் வைத்தேன். ஒரே புள்ளிதான். சட்டைப் பொத்தான் அளவு.

ஷூ புதிதாக வாங்கிவிட்டேன். சிகரெட் மூன்றில் நிற்கிறது. நடை மட்டும் நிற்கவில்லை. ஏறும்போது இடது காலை முன்னால் வைக்கிறேன், இறங்கும்போது கைப்பிடியில் பாதி எடையைப் போடுகிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நாலாவது மாடியில் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருக்கிறார். கதவைத் திறக்குமுன்பே, காலடிச் சத்தத்தை வைத்தே உள்ளேயிருந்து, "என்னப்பா இன்னிக்கு ஒரு கால் மட்டும் வருது?" என்கிறார். இனி அந்த வீட்டுக்குத் தபாலைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வரவேண்டும். ஓடத்தான் முடியவில்லை.

நீ சொன்ன இரண்டாவது படத்தை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டவில்லை. காட்டினால் கையோடு லீவு எழுதிவிடுவார். நீ மட்டும் பார். பார்த்து உன்னோடு வைத்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 5

தம்பி,

பதினோரு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அதனால் இதை இருக்கிற வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் எலும்பின் நட்டநடுவில், முன்பக்க விளிம்பில், குறுக்காக ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. தலைமுடி கனம்தான். முதல் படத்தில் இல்லை, இதில் இருக்கிறது. எங்கள் எலும்பு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பேஷன்ட் எந்த வார்டு?" நான், "வார்டுல இல்ல மேடம், மாடிப்படியில இருக்கான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த இடத்துல ரத்த ஓட்டம் கம்மி. ஒவ்வொரு அடிக்கும் வெடிப்பு வாய் திறக்கும். சாதாரணமா படி இறங்கறப்பவே ரெண்டா போயிடலாம். உடனே நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

இப்போது நிறுத்தினால் சில மாதத்தில் கூடலாம். ஒடிந்தால் உள்ளே கம்பி வைக்க வேண்டும், அப்புறமும் பழைய நடை வருமா என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். உனக்குத் தெருவா முக்கியம்? கால் இருந்தால்தானே தெரு?

எனக்கு வேலை ஓடவில்லை. யார் காலைப் படம் எடுத்தாலும் உன் கோடுதான் தெரிகிறது. இன்றைக்கு ஒருவருக்கு இடது கைக்குப் பதிலாக வலது கையை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதில் போடு. போன் செய். ஏதாவது செய்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

மார்ச் 31 வரை பொறு. இருபத்திரண்டு நாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி நானே போய்ப் படுத்துக்கொள்கிறேன், நீ வந்து கட்டிலோடு கட்டிப்போடு. அதுவரை யாரிடமும் மூச்சுவிடாதே. உன்னை நம்பித்தான் படத்தை அனுப்பினேன்.

தம்பி

*

மார்ச் 16

அக்காவுக்கு,

இன்று காலை என் தபால் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பழுப்பு உறை. மேலே எங்கள் போஸ்ட்மாஸ்டரின் பெயர், பதவி, முகவரி. உன் கையெழுத்து. நீ 'ஸ்' போட்டால் வால் அடுத்த வரி வரை போகும், இருட்டில் தடவினாலும் கண்டுபிடிப்பேன்.

உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பையின் அடியில் தள்ளியிருக்கலாம். சாக்கடையில் போட்டிருக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் அடுத்தவர் தபாலை நான் பிரித்ததும் இல்லை, தொலைத்ததும் இல்லை. எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். "சார், உங்களுக்குத் தபால்" என்றேன். என் கழுத்துக்கான கத்தியை என்னையே கொண்டுபோய்க் கொடுக்கவைத்தாய் அக்கா.

அவர் படித்தார். என் காலைப் பார்த்தார். "பையை இப்படிக் குடு" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. இப்போது தபால் பிரிக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். என் தெருக்களின் கடிதங்களை நானே அடுக்கி இன்னொருவன் கையில் கொடுக்கிறேன். மத்தியானத்துக்குள் பத்து தடவை எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தால் போக இடமில்லை.

நீ பயந்தாய் என்று சொல்லாதே. பயந்தவள் நேரே வந்து என் சட்டையைப் பிடித்திருப்பாள். நீ முதுகுக்குப் பின்னால் எழுதினாய். இனி எனக்கு எழுத வேண்டாம்.

*

மார்ச் 20

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

முதுகுக்குப் பின்னால் என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தை என்னைச் சாப்பிடவிடவில்லை. உனக்கு அது ஏன் என்று தெரியாது. இப்போது சொல்கிறேன்.

உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்து மதில்மேல் வரிசையாக நடந்தோம். நீ முன்னால், நான் பின்னால். நீ எப்போதுமே என்னைவிட வேகம். திரும்பிப் பார்த்து "ஆமை, ஆமை" என்றாய். கீழே நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ மறுபடி முன்னால் திரும்பியதும் உன் முதுகில் இரண்டு விரலை வைத்தேன். வைத்தேன் என்று எழுதுவதும் பொய். தள்ளினேன்.

நீ வழுக்கி விழவில்லையடா. வழுக்கிவிட்டது என்று நீயே அப்பாவிடம் சொன்னாய், அதை நிஜமாகவே நம்பினாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம் உன் மாவுக்கட்டுக்குள் என் மர ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொடுத்தேன். எல்லோரும் என்னைத் தங்கமான அக்கா என்றார்கள். அந்த வருஷம் ஓட்டப்பந்தயத்தில் உன் பெயர் இருந்தது.

எக்ஸ்ரே வேலைக்கு ஏன் வந்தேன் என்று யார் கேட்டாலும் ஏதோ சொல்லுவேன். உன் படத்தில் அந்தப் பழைய முறிவைத் தேடினேன் என்று எழுதினேனே, உனக்காகத் தேடவில்லை, எனக்காகத்தான். உன் எலும்பு அதை மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

அதே கால் இன்னொரு தரம் ஒடிவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால்தான் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதினேன். இன்னொரு தரம் நேர்ந்தாலும் எழுதுவேன். கோபப்படு, ஆனால் சரியான குற்றத்துக்குக் கோபப்படு.

அக்கா

*

மார்ச் 30

தம்பி,

20ஆம் தேதி எழுதியது திரும்பி வந்துவிட்டது. உறை பிரிக்கப்படவே இல்லை. மேலே சிவப்பு மையில், "பெறுபவர் வாங்க மறுத்தார். அனுப்பியவருக்கே திருப்புக." உன் கையெழுத்தேதான், அடிக்கோடுகூட உன்னுடையது. அதை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இது உறையில்லாத தபால் கார்டு, திருப்பி அனுப்புவதற்குள் கண்ணில் பட்டுவிடும் என்றுதான் கார்டில் எழுதுகிறேன். கால் எப்படி இருக்கிறது? அதை மட்டும் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு கிடைத்தது. கள்ளி, கார்டை யாராலும் படிக்காமல் இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

தெருக்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இல்லை. டைப்பிஸ்ட் அம்மா ஆபீசுக்கே வந்து, "புது ஆளு எதிர்வீட்டுத் தபாலை எனக்குப் போடறாரு, எப்ப வருவே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன வாரம் போஸ்ட்மாஸ்டர் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனார். வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஓட்டம் சொல்லிக்கொடுப்பவராம். எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு தரம் ஆபரேஷன் ஆகியும் கூடவில்லை. அவருக்கும் முதலில் என்னைப் போலவே ஒரு கோடுதானாம். யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்க சார். ஆனா என்னைப் புடிச்சு நிறுத்த ஆளில்லை" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான்.

எனக்கு ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படக்கூடாது, அப்புறம் படம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்களாம். உட்காரத்தான் முடியவில்லை. ஊன்றுகோலோடு மேஜையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கூட வேலை பார்ப்பவர்கள், "யோவ், தலை சுத்துதுய்யா" என்கிறார்கள். சிகரெட்டை முழுசாக விட்டுவிட்டேன், அதுவும் சேர்ந்து படுத்துகிறது.

உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நீ 20ஆம் தேதி எழுதிய கடிதத்தை நான் உடனே திருப்பவில்லை. மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒரு தபாலை வேண்டுமென்றே தாமதப்படுத்தியது பத்தொன்பது வருஷத்தில் அது ஒன்றுதான். பிரித்துவிடுவேனோ என்று பயந்துதான் சிவப்பு மையை எடுத்தேன்.

உன்மேல் கோபத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று சின்ன வயதுவரை போய்த் தேடிவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. மாவுக்கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்ததுதான் ஞாபகம் வருகிறது. என் காலுக்கு நீ கெடுதல் செய்ததே இல்லை அக்கா.

அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. நீ கேட்டதை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்குள் நடந்தேன். "என்ன, நீயும் தபால் குடுக்கக் கிளம்பிட்டியா?" என்று அத்தான் கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டு, நலம் விசாரித்து வேறொன்று எழுதி அந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. உனக்குத் தெரியவே தெரியாது. அதுவும் உன் முதுகுக்குப் பின்னால்தான் ஆகும்.

அதனால் பழைய உறையை அப்படியே இதற்குள் வைத்திருக்கிறேன். சிவப்பு மையும் அப்படியே இருக்கிறது. உள்ளே ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, காலை நாற்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு பிரி. படித்தபிறகு இன்னொரு தரம் சிவப்பு மையை எடுக்கத் தோன்றினால் எடு. இந்தத் தடவை நான் அதைத் தாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா