சுவர் விழுந்த விளம்பரம்

ஜூன் 3

ஸ்கூல் வாசலில் இன்றும் கையெழுத்து கேட்டார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு ஏது கையெழுத்து? பரீட்சை பேப்பரில் எழுதுகிற மாதிரி இனிஷியலோடு எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் கிறுக்கலா போடுடா, அதான் ஸ்டைலு" என்றார் அப்பா. என்னை ஊர் ஊராக ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவர் பிரிண்டிங் பிரஸ் வேலையை விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஷூ விளம்பரம் எடுத்தார்கள். கோலில் நின்றது எங்கள் டீம் கீப்பர், வகுப்பில் என் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்காருகிறவன். எதையும் உள்ளே விடமாட்டான், அதனால் அவனை எல்லோரும் 'சுவர்' என்றுதான் கூப்பிடுவோம். விளம்பரத்திலும் விடவில்லை. நான் அடித்ததையெல்லாம் பிடித்துக்கொண்டே இருந்தான். வெளிச்சம் போகுது என்று கம்பெனி அண்ணன் கத்த ஆரம்பித்தார். நான்தான் போய் அவன் காதில் சொன்னேன் — "டேய், எனக்காக ஒரு தடவை அந்தப் பக்கம் விழுடா."

விழுந்தான், முகமெல்லாம் மண்ணாக. எனக்குக் கைதட்டினார்கள்.

ஜூன் 11

எல்லா போனிலும் அந்த விளம்பரம்தான். அவன் விழுவதை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு, திரும்பத் திரும்ப விழ வைக்கிறார்கள். வகுப்பில் அவனுக்குப் புதுப் பெயர், 'கதவு'. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 12

அவன் பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் 16

டிவிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சோபாவில் நான், பக்கத்தில் அப்பா. மைக் பிடித்த அக்கா கேட்டார், "அந்த கோல் நிஜமா அடிச்சதா, சொல்லிவெச்சு எடுத்ததா?" அப்பாவைப் பார்த்தேன். அவர் என் காலரைச் சரிசெய்தார். நிஜம்தான் என்று சொல்லிவிட்டேன்.

சே! உண்மையைச் சொன்னா வாயா கிழிஞ்சிடும்? வெட்கமா இருக்கு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்.

ஜூன் 21

சுவரை டீமிலிருந்து தூக்கி ரிசர்வில் போட்டுவிட்டார்கள். "எதிர் டீம் பசங்க அவனப் பாத்தாலே சிரிக்கிறாங்கப்பா, நான் என்ன பண்ண?" என்றார் கோச். என்னிடம் போய்க் கேட்கிறார்.

ஜூன் 28

ரிசர்வ் பசங்களோடு பிராக்டிஸ் மேட்ச். அதற்கும் என்னைப் பார்க்கக் கூட்டம். அவர்கள் கோலில் சுவர். எனக்குப் பெனால்டி கிடைத்தது. உயிரைக் கொடுத்து மூலைக்கு அடித்தேன் — பாய்ந்து பிடித்துவிட்டான்!

கூட்டம் எழுந்து என்னைப் பார்த்துக் கைதட்டியது. "ஃப்ரெண்டுக்காக விட்டுக்குடுத்துட்டான் பாரு, தங்கமான பையன்!" பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் தனியாக நின்றான். அவனை யாரும் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டத்தோடு மைக்கும் கையுமாக வந்திருந்த அந்த டிவி அக்காவிடம் ஓடினேன். "நான் விட்டுக்குடுக்கல, அவன் பிடிச்சான். விளம்பரத்துலதான் நான் விழச் சொன்னேன்." அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 29

செய்தியில் வந்துவிட்டது. 'என்ன ஒரு தன்னடக்கம்!' என்று தலைப்பு. விட்டுக்கொடுக்கவில்லை என்று நான் சொன்னதை மட்டும் காட்டினார்கள். விழச் சொன்னதை வெட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை.

ஜூலை 2

சுவர் வீட்டுக்குப் போனேன். "கேமரா எங்க?" என்றான். வாசலில் காய்ந்த அவன் கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டு கேட் முன்னால் நின்றேன். "அடிடா."

அடித்தான். ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தெருப் பசங்க போனில் எடுத்துக்கொண்டே சிரித்தார்கள். எடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

"வேணும்னே விடுறியா?"

"சத்தியமா இல்லடா. எனக்கு வரல."

"பந்தைப் பாத்து விழு. என் மூஞ்சியப் பாக்காத" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தான்.

ஜூலை 3

வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்து, "வாங்க, பெரிய கதவு" என்றார்கள். வீடியோ அதற்குள் வந்துவிட்டது போல. சுவரின் புது பெஞ்சில், பக்கத்து இடத்தில் அவன் பை இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே அதை எடுத்துக் கீழே வைத்தான்.