டோரிஸின் செல்லங்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் பதினோரு கருக்களுக்கு மதிப்பெண் போட்டேன். நான்கு நன்று. ஐந்து பரவாயில்லை. இரண்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதே பதினொன்றுக்கும் ஹேமிஷின் கணினி நிரல் மூன்று நொடியில் மதிப்பெண் போட்டது. நடுவில் டீ கேட்கவில்லை, கழுத்து வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஆராய்ச்சி இதுதான். ஐ.வி.எஃப். கருக்கள் இன்குபேட்டருக்குள் வளரும் ஐந்து நாளும் கேமரா படம்பிடிக்கும். அந்தப் படத்தைப் பார்த்து எது குழந்தையாகும் என்று நாங்களும் சொல்ல வேண்டும், நிரலும் சொல்ல வேண்டும். யார் சொன்னது பலித்தது என்று பிறகு பார்ப்பார்கள். நிரலை எழுதிய ஹேமிஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வருகிறான். நல்லவன். தன் பிஸ்கட்டை யாருக்கும் தரமாட்டான், அது ஒன்றுதான் குறை.

"கவலைப்படாத ப்ரான். நீங்க தோத்தாலும் வேலை போகாது. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

"அதத்தான்டா போறதுன்னு சொல்லுவாங்க."

இந்த வருடம் எனக்கு இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. நானும் நோயாளி. நாற்பத்து மூன்று வயதில். இதே கிளினிக்கில், ஏனென்றால் ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. மேலும் மெல்போர்னில் எங்கே போனாலும் ஆய்வகத்தில் இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். என் கருக்களை நான் தொடக்கூடாது, மதிப்பிடக்கூடாது. அவற்றை எடுக்கும் நேரத்தில் ஆய்வகத் தலைவி லொரைன் என்னை வெளியே அனுப்பிவிடுவாள். காத்திருப்பறையில், சிரிக்கும் குழந்தைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். அந்தப் படத்தை மாட்டச் சொன்னது நான்தான்.

இரண்டு கருக்கள் உறைந்திருக்கின்றன. மே மாதத்தது, ஜூலை மாதத்தது. மே கருவுக்கு நிரல் பத்துக்கு 8.8 கொடுத்தது. ஜூலைக்கு 2.3. மூன்றாவது இல்லை, இனி வரவும் போவதில்லை. அதை டாக்டரும் சொன்னார், என் ரத்தப் பரிசோதனையும் சொன்னது.

ஆகஸ்ட் 14

என் கணவன் வின்ஸ் உறைந்த கருக்கள் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டான். எட்டேமுக்கால், ரெண்டேகால். டிராம் ஓட்டுகிறவனுக்கு எதையும் எண்ணால்தான் கூப்பிட வரும்.

"எட்டேமுக்கால முதல்ல ஏத்து. ரெண்டேகால் ஸ்டாப்ல நிக்கட்டும்."

ஆகஸ்ட் 22

டோரிஸைப் பற்றி எழுத வேண்டும். எங்களிடம் படம்பிடிக்கும் இன்குபேட்டர்கள் இரண்டு. டோரிஸ் சிகிச்சையறையைப் பார்த்த ஜன்னலருகே, கெவின் பின்சுவரோரம். ஒரே கம்பெனி, ஒரே வெப்பம், ஒரே வாயு. ஆறு வருடத்துக்கு முன் டோரிஸ் வந்த வாரத்தில் வரிசையாக எல்லாக் கருவும் தங்கியது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். யாரும் சொல்லித்தரவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. நம்பிக்கையானவர்கள் டோரிஸுக்குப் போவார்கள். வயது குறைந்தவர்கள், முட்டை நன்றாக இருப்பவர்கள், எங்களுக்குப் பிடித்துப்போனவர்கள். மிச்சப் பேர் கெவினுக்கு.

எங்களில் மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

எட்டேமுக்கால் டோரிஸில் வளர்ந்தது. லொரைன் செய்த உபகாரம். ரெண்டேகால் வந்த அன்று டோரிஸில் இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியுடையது இருந்தது. என்னுடையது கெவினுக்குப் போனது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அதுதான் வருத்தம்.

செப்டம்பர் 3, புதன்

எட்டேமுக்கால் உள்ளே போயாயிற்று. வின்ஸ் விடுப்பு எடுத்து வந்து, என் கையைப் பிடிப்பதற்குப் பதிலாகக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் படுத்தேன். படுத்தாலும் நடந்தாலும் ஒன்றுதான் என்று நோயாளிகளிடம் சொல்வேன். படுத்தே இருந்தேன்.

செப்டம்பர் 8

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே நான் சொல்லும் வாக்கியம்: மதிப்பெண் என்பது குழந்தை அல்ல. நன்றாகவே சொல்வேன், கையை அசைத்து. இன்று மதியம் கடையில் சின்னக் காலுறை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை. விலையைத்தான் பார்த்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 15

இல்லை.

செப்டம்பர் 16

நேற்று நர்ஸ் ட்ரூடி போனில் ஆரம்பிக்கும்போதே "ப்ரான் கண்ணு" என்றாள். அந்த "கண்ணு" போதும். இருபது வருடம் பக்கத்து மேஜையிலிருந்து கேட்ட கண்ணு அது. நல்ல செய்தி என்றால் பெயரை மட்டும்தான் சொல்லுவாள்.

வேலைக்குப் போனேன். என் மேஜையில் லொரைன் ஒரு லாமிங்டன் கேக் வைத்திருந்தாள், தட்டில், குறிப்பு எதுவும் இல்லாமல். தேங்காய்த் துருவல் விசைப்பலகை முழுக்க.

இரவு பாத்திரம் கழுவும்போது வின்ஸ்: "எட்டேமுக்காலே இப்படின்னா..." அத்தோடு நிறுத்திக்கொண்டான். ரெண்டேகாலைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஹேமிஷுடன் பழைய படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டிலும் பல குழிகள் இருக்கும், குழிக்கு ஒரு கரு. ஒரு குழியிலிருந்த முட்டை கருவாகாததால் முதல் நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். கேமராவுக்கு அது தெரியாது. ஐந்து நாளும் காலிக் குழியைப் படம்பிடித்திருக்கிறது. அதை நீக்காமலேயே நிரலுக்குக் கொடுத்துவிட்டோம்.

8.1.

ஹேமிஷ் சிரித்தான். நானும் சிரித்தேன். "பாவம், தண்ணியப் பாத்து மயங்கிடுச்சு" என்றான். பிறகு இன்னொரு காலிக் குழியைத் தேடி எடுத்தான். 8.0. இன்னொன்று. 8.2. அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் எந்த மெஷின்?"

"டோரிஸ்."

"கெவின்ல காலி இருக்கா?"

இருந்தது. 1.7.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்கு திரையில் முட்டும் அளவுக்குப் பார்த்தோம். டோரிஸின் படத்தில் வலது கீழ் மூலையில் ஒரு நிழல், நகத்துணுக்கு அளவு. கேமரா வில்லையில் ஏதோ கீறல். ஆறு வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

"நம்பிக்கையானவங்களையெல்லாம் நீங்க டோரிஸ்லயே வெச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆமா."

"ஏன்?"

பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவனிடம் ராசி என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 10

ஹேமிஷ் அந்த நிழலை வெட்டிக் கெவினின் படங்களில் ஒட்டிப் பார்த்தான். எல்லாக் கருவும் ஏறியது. டோரிஸின் படங்களில் அதை அழித்தான். எல்லாம் இறங்கியது. நிரல் கருவைப் பார்க்கவே இல்லை. மூலையில் நிழல் இருந்தால் குழந்தை பிறக்கும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொடுத்தது நாங்கள். நம்பிக்கையானவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஆறு வருடம் கவனித்து, எங்கள் மூடநம்பிக்கையைச் சுத்தமாக, தசமப் புள்ளியோடு எங்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் எட்டேமுக்கால், ஒன்றுமில்லாததைவிட 0.7 கூடுதல்.

கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு — இதையும் எழுதிவிடுகிறேன் — நடுவில் நிறுத்தினேன். 8.8 பொய் என்றால் 2.3-உம் பொய்தானே? ரெண்டேகால் செய்த குற்றம் கெவினில் இருந்தது மட்டும்தானே?

அக்டோபர் 13, திங்கள்

கூட்டம். லொரைன் மேஜையைத் தட்டினாள்.

"டோரிஸ்ல நல்லதப் போடணும்னு யாரு சொன்னது?"

எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

"யாருமே சொல்லல. ஆனா எல்லாரும் போட்டிருக்கோம், நானும்தான். இன்னையிலேருந்து குலுக்கல்தான். சீட்டுல எது வருதோ அது. இனிமே டோரிஸ், கெவின்னு யாராவது பேர் சொன்னா ஒரு மாசத்துக்கு அவங்கதான் உறைகலத்துக்கு நைட்ரஜன் நிரப்பணும்."

"அப்ப என்னன்னு கூப்பிடறது?"

"ஒண்ணு, ரெண்டு."

கூட்டம் முடிவதற்குள் அவளே இரண்டு தடவை டோரிஸ் என்றாள். எண்ணியதை யாரும் வெளியே சொல்லவில்லை.

ஹேமிஷ் எல்லாப் படங்களின் மூலையையும் வெட்டிவிட்டு நிரலுக்கு முதலிலிருந்து பாடம் நடத்தப்போகிறான்.

அக்டோபர் 21

டாக்டர் தெஸ்பினா. அவரோடு பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவர் நாற்காலி கொஞ்சம் உயரம் என்பது தெரிகிறது.

"மெஷின விடு. லொரைன் கண்ணால பாத்தே சி தரம்னுதான் போட்டிருக்கா. உறைய வெச்சதே உன்னோடதுங்கறதாலதான். மூணு நாலு வாரம் மருந்து, ஊசி, திரும்பவும் அந்தப் போன். உன் இடத்துல வேற ஒருத்தி இருந்தா என்ன சொல்லுவ?"

"வேண்டாம், விட்டுடுங்கன்னு சொல்லுவேன்."

"சரி. அப்ப?"

"போடலாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருஷத்துல நீ சொன்ன ஒரு யோசனையையாவது நான் கேக்காம இருந்திருக்கேனா? இன்னைக்கு உன் பேச்ச நீயே கேக்க மாட்டேங்கற" என்றார். பிறகு மருந்து எழுதினார்.

அக்டோபர் 30

புதிய நிரல் தயார். நடைபாதையில் ஹேமிஷைப் பிடித்தேன்.

"என்னோடதுக்கு என்ன வந்துதுன்னு எனக்குச் சொல்லாத."

"சொல்லல."

"நான் கெஞ்சினாலும்."

"சொல்ல மாட்டேன்."

பிறகு சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். முழுப் பொட்டலம்.

சரி. தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய் — குதிரைப் பந்தய நாள்

ஊருக்கே விடுமுறை, கருக்களுக்குக் கிடையாது. ட்ரூடி இறகு வைத்த தொப்பியின் மேல் அறுவைத் தொப்பியை மாட்டியிருந்தாள். கிளினிக்கில் எல்லாருக்கும், கூட வந்த வின்ஸுக்கும், சீட்டுக் குலுக்கலில் ஒரு குதிரை. வின்ஸுக்கு வந்த குதிரை காலையிலேயே விலக்கப்பட்டுவிட்டது. "ஓடவே இல்லையே, எப்படித் தோக்கும்?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பதற்றம் வந்தால் அவனுக்குப் பேச்சு நிற்காது.

படுத்துக்கொண்டேன். ஆய்வக ஜன்னல் திறந்தது. இந்த இடத்தில் உள்ளேயிருந்து ஒருவர் கேட்க வேண்டும், நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். மாறிப்போகக் கூடாது என்பதற்காக. அந்த ஜன்னலுக்குள்ளே நின்று எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்.

"பேரு?" என்றாள் லொரைன்.

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"பேரு சொல்லு, ப்ரான்."

"ப்ரான்வின் கார்மைக்கேல்."

பிறந்த தேதியைக் கேட்கும்போது அவள் குரல் உடைந்தது. இருமினாள். எல்லாரும் அதை இருமல் என்று ஏற்றுக்கொண்டோம்.

முடிந்து உடை மாற்றும்போது திரைக்கு இந்தப் பக்கம் வந்தாள். ஆய்வகத்தில் எங்களுக்கு வாசனைத் திரவியம் கூடாது, கருக்களுக்கு ஆகாது. எந்த மணமும் இல்லாத லொரைன் என்னைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்:

"உருக்கி எடுத்ததுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் இன்குபேட்டர்ல வைக்கணும் இல்ல..."

"ஆமா. குலுக்கல்ல எது வந்துது?"

"கெவின்." மூக்கை உறிஞ்சினாள். "நான் டோரிஸ்ல வெச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

நவம்பர் 14

ட்ரூடி கூப்பிட்டாள். "ப்ரான்வின்" என்றாள். கண்ணு சொல்லவில்லை.

நவம்பர் 15

நேற்று எழுதியதை இன்று நான்கு தடவை படித்தேன். மை மாறவில்லை.

டிசம்பர் 2

துடிப்பு. வின்ஸ் திரையைப் பார்த்து, "இது என்ன, இண்டிகேட்டர் போடுதா?" என்று கேட்டான். பிறகு கட்டில் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான்.

ஜனவரி 19

பதினான்காவது வாரம். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஹேமிஷ் என் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் வைத்துவிட்டுப் போகிறான், பிராயச்சித்தம் போல.

மார்ச் 19, வியாழன்

ஆராய்ச்சி அறிக்கையின் முடிவுரையை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். குலுக்கல் வந்ததிலிருந்து முதல் இன்குபேட்டருக்கும் இரண்டாவதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. புதிய நிரல் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் சொல்கிறது, கொஞ்சம்தான். அது மேம்படும். நாங்கள் மேம்படுவோமா என்பதற்கு அறிக்கையில் இடம் ஒதுக்கவில்லை. மதியம் உள்ளே போனபோது கெவினின் கதவில் யாரோ சின்ன இறகு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். அது பந்தயத் தொப்பியின் இறகு. நான் பிய்க்கவில்லை.

தவறாகக் கணித்த நேர்வுகளைத் தனியே காட்ட வேண்டும். அதில் பெயரில்லாத ஒரு கரு. புதிய நிரலின் மதிப்பெண் 1.9. அக்டோபரில் ஹேமிஷ் நீட்டிய முழுப் பொட்டலத்துக்கு இப்போது கணக்குச் சரியாகிவிட்டது. மனித மதிப்பீடு சி. நிபுணரின் பரிந்துரை, கைவிடலாம். அந்த நிபுணர் நானேதான் என்று அறிக்கை சொல்லாது. ஒரே ஒரு நேர்வை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று கீழே எழுதினேன். சரியான வாக்கியம். மாணவர்கள் எழுதாமல் விட்டால் திருத்திக் கொடுப்பேன்.

லொரைன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அந்த ரெண்டு மணி நேரத்தப் பத்தி ஒரு வரி...?"

"போடமாட்டேன்."

"நல்லது" என்றாள். ஆனால் ஜன்னலருகே இருந்த டோரிஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

அந்தக் கருவின் முடிவு என்ற இடத்தில் 'தொடர்கிறது' என்று நிரப்ப வேண்டும். பாதிச் சொல் அடித்திருந்தபோது ரெண்டேகால் உதைத்தது. கை நழுவி அந்த வரியே அழிந்துபோனது. திரும்ப அடித்தேன்.